எண்பத்தாறு புள்ளி நாலு

செத்த அக்கட்டால நகந்து உக்காருங்க அம்மிணி. நீங்க நகந்தாலும் எடம் பத்தாதுதான், எனக்கே தெரியும். ரெண்டு பேரு உக்கார்ற சீட்டுல நான் ஒருத்தியே ஒன்றரை ஆளுக்கு உக்காருவேன். மிச்சம் அரை ஆளுக்குத்தான் எடம். அதனாலதான் ஏறுனதும் பஸ்ஸுல ஒல்லியா யாரு இருக்கறாங்கன்னு ஒரு நோட்டம் பாத்தேன். நீங்க ஆம்பிட்டீங்க. கோவிச்சுக்காதீங்க.

இந்தத் தூக்குப்போசியா? சீம்பாலுங்க. நேத்து எங்க மாடு கண்ணு போட்டுச்சு. வெல்லம் தட்டிப்போட்டு, ஏலக்காய் போட்டு, பதமாக் காச்சி எடுத்தாந்திருக்கறேன். மேட்டுக்கடையில என்ற மருமவளோட அப்பன் ஊடு இருக்குது. அவ கையில இதைக் குடுத்துட்டு அடுத்த பஸ்ஸுல திரும்பிருவேன். ஒரு வார்த்தை பேசமாட்டேன். சீம்பால் குடுக்கறது மொறை, குடுக்கறேன். பேசோணும்னு மொறை ஒண்ணும் இல்லையே.

நீங்க டீச்சருங்களா? மடியில நோட்டுக்கட்டைப் பாத்ததும் நெனச்சேன். அப்ப உங்களுக்கு நாயம் தெரியும். முழுசாக் கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, தப்பு யாரு மேலன்னு.

என்ற பேரு பாவாத்தாள். ஊட்டுக்காரரு போயி ஒம்பது வருசமாச்சு. ஒரே பையன் பூபதி, திருப்பூருல பனியன் கம்பெனியில டெய்லரு, வாரத்துக்கு ஒருக்கா வருவான். மத்தபடி ஊட்டுல நானும் மருமவ கோகிலாவும் பொட்டும்தான். பொட்டுங்கறது மாடு. நெத்தியில வெள்ளையா ஒரு பொட்டு இருக்கும். கோகிலா எங்க ஊட்டுக்கு வந்து ரெண்டு வருசமாச்சு. குத்தம் சொல்லக்கூடாது, வேலையில கெட்டி. அவ கறந்தா மாடு காலைக்கூட அசைக்காது. ஆனா வாயைத் தெறந்தாப் போதும், எங்கூர்ல. எங்கூர்ல மாட்டுக்குச் சோளத்தட்டு இப்படி வெட்டமாட்டாங்க அத்தை. எங்கூர்ல மாட்டுக்குத் தண்ணி இப்படி வெக்கமாட்டாங்க அத்தை. அவங்கப்பன் பத்து மாடு வெச்சிருக்கறாராமா. வெச்சிருந்தா? எங்கூர்ல இல்லாத மாடா? எங்கூர்ல ஒவ்வொரு தோட்டத்துலயும் மாடு நிக்குது, எங்கூர்ல நாங்க யாராச்சும் இப்படிப் பெருமை பேசறமா?

போன தை மாசம் மூட்டுவலின்னு என்னைய ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா. சக்கரை எட்டிப்பாக்குது, ஒடம்பைக் கொறைக்கோணும்னு அங்க சொல்லிட்டாங்க. அவ்வளவுதான், இவளுக்குச் சாமி வந்திருச்சு. அடுத்த நாளே எடை பாக்கற மிசினு ஒண்ணு வந்துருச்சு. கண்ணாடியாட்டம் இருக்கும், ஏறி நின்னா நம்பர் காட்டும். ராத்திரிச் சோறு நின்னுபோச்சு, ரெண்டு கம்பு தோசைதான். காப்பிக்குச் சக்கரை கெடையாது. வெடியால எந்திரிச்சா வாய்க்கா மேடு வரைக்கும் நடக்கோணும். நான் நடக்கறனா இல்ல மரத்தடியில உக்காந்துக்கறனான்னு பாக்கறதுக்கு அவளும் கூடவே வருவா, போலீசாட்டம்.

அதைக்கூடப் பொறுத்துக்கிட்டேனுங்க. எழுதி வெச்சா பாருங்க, அதைத்தான் பொறுக்க முடியல. கட்டுத்தாரையில மாடு கட்டற எடத்துல ஒரு தூணு இருக்குது. அதுல மாசக் காலண்டர் தொங்கும், நாளுக்கு ஒரு கட்டம் போட்டது. பக்கத்துல நூல்ல ஒரு பேனாவைக் கட்டித் தொங்கவுட்டிருந்தா. பொட்டுக்குப் பூச்சிமருந்து குடுத்த நாளு, தீவனம் மாத்துன நாளு, ஈனற தேதி, எல்லாம் அந்தக் கட்டத்துல எழுதுவா. அதே கட்டத்துல, அதுக்குக் கீழ, என்ற எடை. அத்தை எண்பத்தெட்டு. அத்தை எண்பத்தேழு புள்ளி ரெண்டு. மாட்டுக்கு அடுத்தது நான்.

பக்கத்துத் தோட்டத்துல ரங்கசாமியண்ணன்னு ஒருத்தரு வாழை வெச்சிருக்கறாரு. வரப்பு வெட்ட மம்முட்டி கேட்டு வந்தவரு காலண்டரை மேலயும் கீழயும் பாத்துட்டு, "ஏம்மா பாவாத்தா, சினையா இருக்கறது மாடா நீயா?"ன்னு கேட்டுட்டுப் போயிட்டாரு. எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்க. அன்னைக்குக் கட்டத்துல எண்பத்தாறு புள்ளி நாலுன்னு எழுதியிருந்தா. நேராப் போயி, "ஆளை எடை போட்டுத் தூணுல ஒட்டறதுக்கு நான் என்ன பருத்தி மூட்டையாடி? உங்கூர்ல மாமியாளுகளுக்கு இப்படித்தான் செய்வீங்களா?"ன்னு கேட்டேன். "கொறைஞ்சுட்டு வருதல்லங்க அத்தை, அதைப் பாருங்க"ங்கறா. நான் ஒண்ணும் பண்ணலீங்க. பேனாவை நூலோட புடுங்கி எருக்குழியில வீசுனேன். அவ்வளவுதான். அதுக்கு ஒருத்தி மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவாளா?

எதுத்து ஒரு வார்த்தை பேசியிருந்தாக்கூடப் பரவால்ல. கண்ணு நெறைஞ்சிருச்சு, அது எனக்குத் தெரியக்கூடாதுன்னு சாணி அள்ளக் குனிஞ்சுக்கிட்டா. மறுநாளு, சித்தப்பன் பேத்திக்குக் காதுகுத்து, ரெண்டு நாள்ல வந்தர்றேன்னு பையைத் தூக்கிட்டுப் போனா. நேத்தோட பதினொரு நாளு. எந்தக் காதுங்க பதினொரு நாளு குத்துவாங்க?

ஆனா தெனமும் காலையில ஏழு மணிக்குப் போன் மட்டும் வந்துரும். "பொட்டு தீவனம் திங்குதா? மடி எறங்கிருச்சா? நீங்க மாத்திரை போட்டீங்களா?" மாட்டைக் கேக்கறப்பவே என்னையும் சேத்துக் கேட்டுக்குவா, அங்கயும் நான் மாட்டுக்கு அடுத்ததுதான். நான் மாட்டுக்கு மட்டும் பதில் சொல்லிட்டு வெச்சுருவேன். ஏழு மணி தாண்டி அஞ்சு நிமிசம் ஆச்சுன்னா மட்டும் போன் கெட்டுப்போச்சான்னு எடுத்து எடுத்துப் பாப்பேன். பழக்கதோசம், வேற ஒண்ணுமில்ல.

நேத்து வெடியால பாருங்க, பொட்டு நின்னா நிக்கமாட்டீங்குது, படுத்தா படுக்கமாட்டீங்குது. பின்னங்காலைத் தூக்கி வகுத்துல ஒதைச்சுக்குது. ஈனற தேதி தாண்டி வேற நாலு நாளாச்சு. நான் இருபது கண்ணு எடுத்தவ அம்மிணி, எனக்குத் தெரியாதா? இது வாயுன்னு முடிவு பண்ணி ஓமம், பெருங்காயம், இஞ்சி எல்லாம் தட்டிப்போட்டு கசாயத்தை அடுப்புல ஏத்திட்டேன். டான்னு ஏழு மணிக்குப் போன்.

"அத்தை, பொட்டு எப்படி இருக்குது?"

"வலி வந்திருக்குது. இன்னும் ஒண்ணையும் காணோம்."

"எப்ப இருந்துங்க?"

"அஞ்சு மணியில இருந்து."

"பனிக்குடம் வெளிய தெரிஞ்சுதுங்களா?"

"தெரியல."

"பின்னாடி போயிப் பாருங்கத்தை. ஈனற வழியோட ஓரம் ஒரு பக்கம் உள்ள இழுத்தாப்புல இருக்குதா?"

போயிப் பாத்தேன். இழுத்தாப்புலதான் இருந்துச்சு. ஒரு ஓரம் சுருங்கி உள்ள மடிஞ்சிருந்துச்சு. ரெண்டு மணி நேரமா அது பின்னாடிதான் நிக்கறேன், நான் அதைப் பாக்கல. அதை இவகிட்ட எதுக்குச் சொல்லோணும்? "கொஞ்சம் அப்படித்தான் தெரியுது"ன்னேன்.

"அத்தை, அது கருப்பை முறுக்கிருக்குது. எங்கூர்ல ஒரு மாட்டுக்கு இதே மாதிரி ஆச்சு. கசாயமெல்லாம் வேண்டாம். யாரையும் கையை உட்டு இழுக்க உட்றாதீங்க. டாக்டரைக் கூப்பிடுங்க."

எங்கூர்லன்னு சொன்னா பாருங்க, எனக்குச் சுர்ருன்னு ஏறிருச்சு. "எங்கூர்ல மாடெல்லாம் முறுக்கிக்காது"ன்னு சொல்லி வெச்சுட்டேன்.

கசாயத்தை எறக்கி ஆத்திட்டு இருக்கறேன், வாசல்ல வண்டிச் சத்தம். பாத்தா மாட்டு டாக்டரு! நம்ம நல்ல நேரத்தைப் பாருங்க, கூப்பிடாமயே மனுசன் வந்து நிக்கறாரு. எல்லாம் அந்த மாரியாத்தா செயல்னு கும்பிட்டேன். "உங்க மருமக மூணு தடவை போன் பண்ணிட்டாங்கம்மா, கையில எடுத்த இட்லியை வெச்சுட்டு வந்தேன்"னாரு. செரி, அதுவும்தான்.

தோள்வரைக்கும் உறையைப் போட்டுட்டு கையை உள்ள உட்டாரு. கண்ணை மூடிட்டு ரொம்ப நேரம் நின்னாரு. துவைச்ச சேலையை ஆளுக்கொரு பக்கம் பிடிச்சு முறுக்குவமில்லீங்க, உள்ள அப்படி இருக்குதாமா. வழியே முறுக்கிக்கிட்டா கண்ணு எப்படி வெளிய வரும்? வெரலு நுனியில கண்ணோட குளம்பு தட்டுப்பட்டுச்சாமா, தொட்டதும் காலை இழுத்துக்குச்சாமா. "உசுரு இருக்குதும்மா. ஆனா நேரம் இல்ல. உருட்டிப் பாக்கலாம். சரியாகலைன்னா வகுத்தைக் கிழிச்சுத்தான் எடுக்கோணும். கசாயம் குடுத்துட்டு மத்தியானம் வரைக்கும் பாத்துட்டு இருந்திருந்தீங்கன்னா ரெண்டும் போயிருக்கும்"னாரு. கசாயச் சட்டியைக் காலாலயே மெதுவா மறைப்புக்குத் தள்ளுனேன்.

பொட்டு எங்க மாடுன்னு சொன்னேன்ல? கோகிலாவுக்குக் கல்யாணத்தப்ப அவங்கப்பன் ஓட்டிவுட்ட மாடு அது. அவ வந்த புதுசுல, எங்க மூஞ்சியெல்லாம் புதுசா இருக்கறப்ப, கட்டுத்தாரையில போயி அதும்பட கழுத்தைக் கட்டிட்டு நிப்பா. அது போச்சுன்னா நான் எந்த மூஞ்சியை வெச்சுட்டு மேட்டுக்கடைக்குப் போவேன்? அவ எதுக்குத் திரும்பி வருவா? அது ஒண்ணுதான் மனசுல ஓடுச்சு.

டாக்டரு, பத்தடி நீளத்துல கெட்டியா ஒரு பலகை வேணும்னாரு. ரங்கசாமியண்ணன் வாழைத்தாரு லாரியில ஏத்தற பலகையைத் தூக்கிட்டு ஓடியாந்தாரு, கூடவே தாரு வெட்டிட்டு இருந்த ஆளுங்க நாலு பேரு. மாட்டைக் கயித்துல கட்டி மெல்ல சோத்தாங்கைப் பக்கமாச் சாச்சுப் படுக்க வெச்சாங்க. பலகையோட ஒரு முனை தரையில, மத்தது மாட்டு வகுத்து மேல. பலகை மேல ஒருத்தரு அழுத்தி நிக்கோணும். மத்தவங்க மாட்டோட காலைப் பிடிச்சு, அது எந்தப் பக்கம் முறுக்கிருக்குதோ அந்தப் பக்கமே உருட்டோணும்.

நான் சும்மா இருப்பனா? "முறுக்குன பக்கமே உருட்டுனா இன்னும் இறுகிக்காதுங்களா?"ன்னு கேட்டேன். "உள்ள கண்ணைப் பலகை அசையாம பிடிச்சுக்கும்மா, மாடுதான் சுத்தி அது இருக்கற எடத்துக்கு வந்து சேரும்"னாரு. எனக்கு அப்பப் புரியல. இப்பவும் பாதிதான் புரிஞ்சிருக்குது.

மொதல்ல ரங்கசாமியண்ணன் பலகையில ஏறுனாரு. அவரு சட்டை வேட்டி செருப்போட அம்பது கிலோ இருப்பாரு. உருட்டுனாங்க. டாக்டரு கையை உட்டுப் பாத்துட்டு ஒதட்டைப் பிதுக்குனாரு. "கண்ணும் கூடவே சுத்திருச்சு, முறுக்கு அப்படியே இருக்குது. நல்ல கனமான ஆளா ஒருத்தரு வேணும்." தாரு வெட்ட வந்த நாலு பேரும் வாழைநாராட்டம் இருக்கறாங்க. ஒருத்தன் வானத்தைப் பாக்கறான், ஒருத்தன் பூமியைப் பாக்கறான். என்னையத் தவிர எல்லாத்தையும் பாக்கறாங்க. ரங்கசாமியண்ணன் இருமறாரு.

ஈனற தேதி தாண்டி எத்தனை நாளாச்சுன்னு பாக்கறதுக்கு டாக்டரு காலண்டர்கிட்டப் போனாரு. வாய்விட்டுப் படிக்கறாரு. "தீவனம் மாற்றியது... பூச்சிமருந்து... அத்தை எண்பத்தாறு புள்ளி நாலு." படிச்சுட்டு டக்குன்னு திரும்புனாரு. "யாருங்க இந்த அத்தை?"

அஞ்சு பேரும் ஒட்டுக்கா கையை நீட்டி என்னையக் காட்டுனாங்க.

"அம்மா, வாங்க வாங்க, ஏறுங்க!"ங்கறாரு. மூஞ்சியில அப்படியொரு சந்தோசம். என்ற எடையைப் பாத்துச் சந்தோசப்பட்ட மொத ஆளு அந்த டாக்டருதானுங்க.

சேலையை இழுத்துச் சொருகிட்டு, ரங்கசாமியண்ணன் தோளைப் பிடிச்சு ஏறுனேன். பொட்டு தலையைத் தூக்கி என்னையப் பாத்துச்சு. கண்ணுல தண்ணி. "பொறுத்துக்கடி ஆத்தா, நாந்தான்"னேன். டாக்டரு கத்தறாரு, "மெல்ல... மெல்ல... அம்மா, நல்லா அழுத்தி நில்லுங்க, கொஞ்சங்கூடக் கொறைக்காதீங்க!" ஒன்றரை மாசமாக் கொறைங்க கொறைங்கன்னே கேட்ட காதுக்கு அது எப்படி இருந்துச்சு தெரியுங்களா? மூட்டுவலி போன எடம் தெரியல. அந்த நேரம் பாத்து இடுப்புல போன் அடிக்குது. நிக்குது, மறுக்கா அடிக்குது. அவதான், வேற யாரு? எடுக்கவா முடியும்? "உன்ற மாட்டு மேலதாண்டி நிக்கறேன், செத்த சும்மா இருடி!"ன்னு இடுப்பைப் பாத்தே கத்துனேன். காலைப் பிடிச்சுட்டிருந்த ஆளுங்க சிரிச்ச சிரிப்புல பிடியையே உட்டிருப்பாங்க.

ஒருக்கா உருட்டுனாங்க. "பாதி கழண்டிருக்குது"ன்னாரு. மறுக்கா படுக்க வெச்சு, மறுக்கா ஏறி, மறுக்கா உருட்டுனாங்க. டாக்டரு கையை உட்டாரு. மடையைத் தெறந்துவுட்டாப்புல கொடகொடன்னு தண்ணி. மனுசன் தலையில இருந்து கால்வரைக்கும் நனைஞ்சுபோயிச் சிரிக்கறாரு. "கழண்டுருச்சும்மா! கழண்டுருச்சு!"

அப்பறம் ரெண்டு முன்னங்காலு தெரிஞ்சுது, அது மேல மூக்கு. பொட்டு முக்க முக்க இழுத்தாங்க. கண்ணு வழுக்கிட்டு வந்து வைக்கோல்ல விழுந்துச்சு. விழுந்தது அசையல. டாக்டரு வைக்கோல் துரும்பை அது மூக்குல உட்டு நெருடறாரு, நான் சாக்கை எடுத்துத் தேய்க்கறேன், தேய்க்கறேன், கையே கழண்டு போற மாதிரி தேய்க்கறேன். படக்குன்னு தும்முச்சு பாருங்க, என்ற மூஞ்சி பூராவும்! கெடாரிக்கண்ணு. நெத்தியில ஆத்தாளாட்டமே வெள்ளைப் பொட்டு. நான் அழுதேனுங்க. அத்தனை ஆம்பளைங்க முன்னாடி ஓன்னு அழுதேன்.

கண்ணுக்கு அரைமணி நேரத்துக்குள்ள வகுறு நெறையச் சீம்பால் குடுத்துருங்க, மிச்சந்தான் உங்களுக்குன்னு டாக்டரு சொன்னாரு. போறப்ப இன்னைக்குத் தேதியில எழுதி வெக்கலாம்னு காலண்டர்கிட்டப் போனாரு. வெறும் நூலு தொங்குது. "பேனா எங்கம்மா?"ன்னாரு. காணாமப் போச்சுன்னேன். "செரி, மருமக வந்து எழுதிக்குவாங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு.

அப்பறந்தான் போனை எடுத்தேன். "கெடாரி"ன்னேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சற சத்தம். "நீங்க சாப்பிட்டீங்களா அத்தை?"ன்னு கேக்கறா. மணி பதினொண்ணு. பச்சத்தண்ணி குடிக்கல நான். "ம்"ன்னு சொல்லி வெச்சுட்டேன்.

இன்னைக்குக் காலையில சும்மா அந்த மிசின் மேல ஏறி நின்னேன். எண்பத்தி நாலு காட்டுது. நடக்கல, கம்பு தோசை சுடல. அவ போனதும் ராத்திரிக்குச் சோறு ஆக்கித் திங்கலாம்னுதான் இருந்தேன், ஒருத்திக்காக யாரு ஒலை வெக்கறதுன்னு படுத்துக்கறது. காப்பியில சக்கரை அள்ளிப் போட்டேன், வாயில வெக்க வெளங்கல. அப்பறம் எப்படிங்க ரெண்டு கிலோ கொறையும்? மிசினு கெட்டுப்போயிருக்கோணும். நல்லவேளை, டாக்டரு பாத்தது பழைய எடை.

இதுங்களா? இந்தப் பையில சுருட்டி வெச்சிருக்கறது அந்தக் காலண்டருதான். சும்மா எடுத்தாந்தேன். இன்னையோட பன்னண்டு கட்டம் ஒண்ணும் எழுதாமக் கெடக்குது. மாடு கட்டறப்ப, அவுக்கறப்ப, எந்தப் பக்கம் திரும்புனாலும் அதுதான் கண்ணுல படுது. பாக்கச் சகிக்கலீங்க. எனக்கு நம்பர் படிக்கத் தெரியும், எழுதுனாக் கோணிக்கும்.

ஏனுங்க, பொழுதோட அஞ்சு மணிக்குத் திரும்பற பஸ்ஸுல கூட்டமா இருக்குமா? ரெண்டு பேரு உக்கார எடம் கெடைக்குமா? ரெண்டு பேருன்னா சொன்னேன்? ஒருத்திதான், நான் ஒருத்திதான் போறேன்.

மேட்டுக்கடை வந்துருச்சா? குனிஞ்சு பாருங்க அம்மிணி, நிழற்குடையில பச்சைச் சுடிதாரு போட்டுட்டு நிக்கறது... அட, அவளேதான்! நான் வர்றதை யார்கிட்டயும் சொல்லாதடான்னு பூபதிகிட்டப் படிச்சுப் படிச்சுச் சொன்னேன், சொல்லிட்டான் பய. எளச்சுத்தான் போயிருக்கறா. எங்கூர்ல இருந்தா இப்படி எளைக்க உட்டிருப்பனா? கையில என்ன அது, பையா? துணிப்பையைத் தூக்கிட்டு எதுக்கு பஸ் ஸ்டாப்புல நிக்கறா இவ?

கண்டக்டரு தம்பி, விசில் அடிச்சுப்போடாத சாமி, இந்த ஒடம்பைத் தூக்கிட்டு எறங்கோணுமல்ல! அம்மிணி, தப்பு யாரு மேலன்னு நீங்க இன்னும் சொல்லவே இல்ல. வேண்டாம், சொல்லாதீங்க. இந்தப் போசியை மட்டும் செத்தப் பிடிங்க, நான் எந்திரிச்சுக்கறேன். அப்பறம், அந்த நோட்டுல சொருகியிருக்கறீங்களே பேனா, ஏறுனதுல இருந்து அதையேதான் பாத்துட்டு வர்றேன், அதை எனக்குக் குடுத்துருங்க. திருப்பித் தரமாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்.

செவப்பு மையா? இருக்கட்டும் அம்மிணி. எனக்கு மார்க்குப் போடத்தானே.